பரண் விறகு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் குழுவில் மற்றவர்கள் அடுப்பைச் செய்வார்கள், வேனில் ஏற்றுவார்கள், இறக்குவார்கள். அடுப்பைப் பற்றிப் பேசுகிற வேலையை மட்டும் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஈப்போவுக்குப் பக்கத்தில் செமோரில் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. அதை நடத்துகிறவர் பழைய எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி, உள்ளே களிமண்ணும் உமிச்சாம்பலும் அடைத்து, கொஞ்சம் விறகிலேயே நின்று எரிகிற சிறிய அடுப்புகள் செய்கிறார். இன்னும் விறகும் கரியும் எரிக்கிற வீடுகளைத் தேடிப்போய் அவற்றைக் கொடுத்துவிட்டு வருவது எங்கள் வேலை. ஈப்போவில் என் சொந்தக்காரர்கள் இதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இந்தக் காலத்தில் யார் விறகு எரிக்கிறார்கள் என்பார்கள். சுங்கை சிப்புட் டவுனைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்குள் போகிற மண்சாலை எதிலாவது நுழைந்து பார்த்துவிட்டு வந்து சிரியுங்கள் என்று வள்ளென்று விழுவேன்.

என்னிடம் ஒரு வித்தை உண்டு. ஒரு கைப்பிடி குச்சியில் அடுப்பைப் பற்றவைத்து, தீ நன்றாகப் பிடித்ததும் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை உயரத் தூக்கி அதற்கு நேர் மேலே விரித்துப் பிடிப்பேன். "பாருங்க, புகை வராது, கரி ஒட்டாது" என்று சொல்லி உதறிக் காட்டுவேன். கைக்குட்டை வெள்ளை வெளேரென்று இருக்கும். பெண்கள் வாயில் கை வைப்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

இப்போதும் அந்த வித்தையைச் செய்கிறேன். ஆனால் கைக்குட்டையைத் தூக்கும்போதெல்லாம் ஓர் அக்கா என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறார்.

அவருடைய மகன்தான் என்னிடம் முதலில் வந்தார். ஒரு கோயில் மண்டபத்தில் அடுப்பைக் காட்டி முடித்து, சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். லாரி ஓட்டுகிறவர். ஆள் வாட்டசாட்டம், குரல் மட்டும் சின்னது.

"ஆன்ட்டி, எங்கம்மா தோட்டத்துல தனியா இருக்காங்க. டவுன்ல என் தாமான் வீட்டுக்கு வாங்கன்னா வர மாட்றாங்க. ஒரே இருமலு. புகையில இருக்கவே கூடாதுன்னு கிளினிக்ல சொல்லிட்டாங்க. கேஸ் அடுப்பும் தோங்கும் வாங்கிப் போட்டேன். அது பாம்பு மாதிரி சீறுதுன்னு தொடவே மாட்றாங்க. ரொம்ப சுசா லா, என்னால முடியல. இந்த அடுப்பக் குடுத்துப் பாருங்களேன்."

அந்த வாரமே போனோம். ரப்பர் எடுக்கிற பால்மரத் தோட்டமாக இருந்த இடம் அது. விற்று, மரத்தையெல்லாம் சாய்த்து, செம்பனை போட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த பழைய லயங்களில் ஒன்றே ஒன்று மட்டும் நின்றது. அதிலும் மற்ற வீடுகளின் கதவு, ஜன்னல் பலகைகளை யார் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கடைசி வீட்டில் மட்டும் கதவு இருந்தது. அதற்குப் பின்னாலிருந்து இருமல் கேட்டது.

சமையல்கட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு மூச்சு முட்டியது. புகை ஒரு காரணம், விறகு இன்னொரு காரணம். அடுப்புக்கு மேலே பரண் நிறைய விறகு. மூன்று சுவரையும் மறைத்து, கூரை தொடுகிற மட்டும் விறகு. லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்த இடைவெளி வழியாக எட்டிப் பார்த்தால், ஆள் இல்லாத பக்கத்து வீட்டிலும் அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு கட்டையும் ஒரே நீளம். எல்லாம் புகை ஏறிக் கன்னங்கரேலென்று மின்னின. வெளியே நல்ல வெயில். உள்ளே விளக்கு வேண்டியிருந்தது.

"ஈப்போலேர்ந்து அடுப்பு விக்க வந்தியா?" என்றார் அக்கா. ஒல்லிக் குச்சி உடம்பு. கண் மட்டும் சிரித்தது.

"விக்கல அக்கா, சும்மா குடுக்குறோம்."

"சும்மா குடுக்குறவங்க சீக்கிரம் போக மாட்டாங்க. ஒக்காரு, டீ போடுறேன்."

நான் என் வித்தையைக் காட்டினேன். கைக்குட்டையை உதறினேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுப்பின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புகைய விடு. வெறகு எவ்ளோ திங்கும்?"

"உங்க அடுப்புல பாதிகூடத் திங்காதுக்கா. கட்டையே தேவையில்ல. காஞ்ச செம்பன மட்டைய ஒடச்சிப் போட்டாலே சோறு வெந்துரும்."

"கட்டையே வேணாமா?"

"வேணாம்."

அவர் தலையை நிமிர்த்திப் பரணைப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார். ஊர்க் கதையைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரரு செத்தப்ப இங்க பால்மரம் வெட்டிக்கிட்டு இருந்தாங்க. நல்ல மழ. ஒரு காஞ்ச கட்ட கெடையாது. பால் வடியிற பச்ச மரத்துல வெச்சுக் கொளுத்துனாங்க. நின்னு எரியல. டீசல ஊத்துனாங்க, டயரப் போட்டாங்க. அன்னிக்கு முடியல. மறுநாளும் போயி கொளுத்துனாங்க. பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போகக் கூடாதுல்ல, நான் வாசல்ல ஒக்காந்து புகையவே பாத்துக்கிட்டு இருந்தேன். மரத்துக்கு மேல ஏறவும் மாட்டேங்குது, போகவும் மாட்டேங்குது. அதான் அவரு இன்னும் வாராரு. இந்தா, இந்தப் பின்வாசல்ல நிப்பாரு. ஈரமா இருக்காரு. அவரு இன்னும் காயல."

துவைத்த துணியைப் பற்றிச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆனாலும் பின்வாசல் பக்கம் என் கழுத்து தானாகத் திரும்பியது. படி ஈரமாக இருந்தது. காலையில் மழை பெய்திருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"எனக்கு அந்தக் கதி வரக் கூடாது. சாஞ்ச மரத்துல நானே இழுத்தாந்து, நானே பொளந்து அடுக்குனது இது. இது எனக்கு. நான் போறப்ப காஞ்ச கட்டையில போவணும். ஆனா மழக்காலம் வந்தா வெளிய குச்சி கெடைக்கிறதில்ல, இதுலேர்ந்துதான் எடுத்துச் சமைக்கிறேன். கொறஞ்சுக்கிட்டே வருது. இனிமே பால்மரத்துக்கு எங்க போறது? வெச்சிட்டுப் போ உன் அடுப்ப."

இருமலுக்காக மகன் கேட்ட அடுப்பைத் தாய் இதற்காக வாங்கிக்கொண்டார். எதற்காக வாங்கினால் என்ன, புகை நின்றால் சரி என்று நான் திருப்தியாக வீடு வந்து சேர்ந்தேன்.

உண்மையிலேயே புகை நின்றது. அடுத்த முறை போனபோது அவர் விறகு மறைக்காத சுவரைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்திருந்தார். இருமல் குறைந்து முகத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. மட்டையிலேயே சமையல் நடந்தது. விறகு அடுக்கில் ஒரு கட்டை அசையவில்லை. மற்ற இடங்களில் எல்லாம் போய் அவர் கதையைத்தான் நான் அளந்துகொண்டிருந்தேன். மூச்சும் மிச்சம், விறகும் மிச்சம் என்று. அப்படிச் சொல்ல எனக்கு நன்றாகவே இருந்தது.

பிறகு ஒரு நாள் மத்தியானம் போனேன். அக்கா அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பேசாத. கேளு."

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே ஒரு காற்று போய் அடங்கியது. அப்புறம் கேட்டது. கறுக், கறுக் என்று, மிகச் சின்னதாக. பரணிலிருந்து, பிறகு சுவரோரத்திலிருந்து, பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் யாருமே இல்லாத வீட்டிலிருந்து. யாரோ பொறுமையாக எதையோ மென்றுகொண்டிருந்தார்கள்.

அவர் ஒரு கட்டையை எடுத்துத் தரையில் தட்டினார். மாவு கொட்டியது. பச்சரிசி மாவு மாதிரி, மெல்லிய வெள்ளை மாவு.

"கோலம் போடலாம் போல இருக்குல்ல?" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார்.

பால்மரக் கட்டையை வண்டு விடாது என்பது இருவருக்குமே தெரியாத விஷயம் இல்லை. பழைய அடுப்பின் புகைதான் இத்தனை வருடமும் அந்தக் கட்டைகளில் வண்டு ஏறாமல் காத்துக்கொண்டிருந்தது என்பதை மட்டும் நாங்கள் யோசிக்கவே இல்லை. நான் புகையை நிறுத்தினேன். வண்டு வந்துவிட்டது. அவருடைய விறகு நின்ற இடத்திலேயே உளுத்துக்கொண்டிருந்தது.

"மொளகா, வெத, எல்லாத்தையும் பரண்ல போட்டா பூச்சி புடிக்காதுன்னு ஊருக்கே சொல்றவ நான். வெறகுக்கும் அதான்னு தோணலியே" என்றார்.

அன்று எனக்கு யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை. வண்டின்மேல் கோபம். பட்டறைக்காரர்மேல் கோபம். என் கைக்குட்டையின்மேல்கூடக் கோபம். மருந்து வாங்கி வந்து அடிக்கிறேன் என்றேன்.

"விஷம் அடிச்ச கட்டையிலயா நான் வேகணும்?"

சரி, எல்லாவற்றையும் வேனில் ஏற்றிச் செமோருக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைக்கிறேன் என்றேன்.

"அங்க யாரு புகை போடுவா? நீயா?"

மறுவாரம் போனபோது தூரத்திலேயே தெரிந்துவிட்டது. லயத்துக் கூரை முழுக்கப் புகை கசிந்துகொண்டிருந்தது. என் அடுப்பை வாசலில் வைத்து அதில் சமைக்கிறார். உள்ளே பழைய அடுப்பில் ஈரத் தேங்காய் மட்டையும் பச்சை இலையும் போட்டு மூட்டம் எழுப்புகிறார். பலகை வீடு, நெருப்பைத் தனியே விட்டுவிட்டு எழுந்து போகவும் முடியாது. பின்வாசல் படியில் முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுண்ணாம்பு அடித்த சுவர் மறுபடியும் கறுக்கத் தொடங்கியிருந்தது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதும் நினைவில்லை. "உங்களுக்கு மூச்சு முக்கியமா, வெறகு முக்கியமா?" என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

"மூச்சு என்னிக்கி இருந்தாலும் நிக்கப்போறது. நின்ன பெறகு எதுல வேகுறது, அதச் சொல்லு" என்றார் அக்கா. மகனும் சொல்லிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். ஒரு நாள் விறகை எல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டிவிடுவேன் என்று மிரட்டியும் பார்த்தார். அன்றைக்கு அக்கா மகனுடன் பேசவில்லையாம், சோறு மட்டும் போட்டாராம்.

அந்த மாதங்களில் எனக்கும் ஏதோ ஆகிவிட்டது. ஈப்போவில் என் வீட்டில் கேஸ் அடுப்புதான். ஆனாலும் மழை பிடித்தால் எங்கிருந்தோ ஈரப் புகை நாற்றம் வரும். கைக்குட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டேன். காய்ந்தாலும் அந்த வாடை போகவில்லை. சமையலறையில் நிற்கும்போது பின்கதவைத் திறந்து படியைப் பார்த்துவிட்டு மூடுவேன். யாராவது கேட்டால் பூனை என்பேன். எங்கள் பக்கம் பூனையே கிடையாது.

அடுத்த மழைக்காலத்தில் அக்காவுக்கு இருமல் முற்றி, மகன் அவரை ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பார்க்கப் போனேன். மூக்கில் குழாய். பேச்சு விட்டு விட்டு வந்தது.

"வண்டு சத்தம் நின்னுருச்சு" என்றார். "வெறகு நல்லா இருக்கு. பாத்துக்க."

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது. ஒரு விடிகாலையில் மகன் போன் செய்து அழுதார்.

நான் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்காவைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தூறிக்கொண்டிருந்தது. வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். எங்கேயோ சிதறிப்போன பழைய தோட்டத்து ஆட்கள் கொஞ்சம் பேர் வந்திருந்தார்கள். மகன் என்னைத் தனியே கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஈப்போல கேஸ்ல எரிக்கிற எடத்துக்குச் சொல்லிட்டேன் ஆன்ட்டி. வண்டி வருது."

"என்னப்பா சொல்ற? அந்த வெறகு எதுக்கு இருக்கு?"

"அந்த வெறகப் பாத்தீங்களா?" ஒரு கட்டையை எடுத்துச் சுவரில் அடித்தார். மாவு பறந்தது. "உளுத்துப்போச்சு. வெளிய மழ. அப்பாவுக்கு நான் ரெண்டு தடவ தீ வெச்சேன் ஆன்ட்டி. ரெண்டாவது தடவ என்னத்தப் பாத்துட்டு வெச்சேன்னு அம்மாகிட்டகூடச் சொன்னதில்ல. இன்னொரு தடவ என்னால முடியாது."

அவ்வளவு பெரிய ஆள், அந்தக் கட்டையைக் கீழே வைக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். தாய்க்குப் பின்வாசலில் தெரிந்தது இவருக்கு எங்கெல்லாம் தெரிகிறதோ. அவரை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. கூடத்தில் கிடக்கிறவரை விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. நேராகப் போய் என் அடுப்பைத் தூக்கினேன்.

"எழவு வீட்ல அடுப்பு பத்த வைக்கக் கூடாதும்மா. இன்னும் எடுக்கல" என்றார் ஒரு பெரியவர்.

"சமைக்கப் போறதில்ல" என்று சொல்லிவிட்டு, அடுப்பை முற்றத்தைத் தாண்டி ஒரு செம்பனை மரத்தடிக்குக் கொண்டுபோனேன். சமையல்கட்டில் நடு அடுக்கிலிருந்து ஒரு கட்டையை உருவி எடுத்துவந்து, கத்தியால் குச்சி குச்சியாகப் பிளந்தேன். மேலே வண்டு போட்ட ஓட்டைகள் இருந்தன. உள்ளே கட்டை எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. எத்தனையோ மண்டபங்களில் கூசாமல் பற்றவைத்த எனக்கு அன்றைக்குத் தீக்குச்சியைக் கிழிக்கக் கை வரவில்லை. தெரியாத சாமியையெல்லாம் கும்பிட்டுவிட்டுக் கிழித்தேன்.

குப்பென்று பிடித்தது. மகன் கிட்டத்தில் வந்து நின்றார். நான் கைக்குட்டையை எடுத்து மேலே விரித்துப் பிடித்தேன். தூறல் என் கையில் விழுந்தது. தீ அசையவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டு அவரிடம் நீட்டினேன். அவர் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது.

"உங்கம்மா நெஞ்சக் குடுத்துக் காய வெச்ச வெறகுப்பா இது" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

அவர் கைக்குட்டையை என் கையில் வைத்து மடக்கினார். பிறகு போனை எடுத்து, வண்டி வேண்டாம் என்று சொன்னார். விறகைத் தன் லாரியிலேயே ஏற்றினார். ஒரு கட்டைகூட நனையக் கூடாது என்று மேலே கான்வாஸ் போட்டு, மூலைக்கு மூலை இழுத்துக் கட்டினார். அக்காவைத் தூக்கினார்கள். சாவுக் கொட்டு செம்பனைக்குள் போய் மறைந்தது.

பெண்கள் லயத்தோடு நின்றுகொண்டோம். மற்றவர்கள் வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். நான் மட்டும் வாசலுக்கு வந்து, சுடுகாடு இருக்கிற திக்கைப் பார்த்து நின்றேன். அக்கா தன் கணவருக்காக இந்த இடத்தில்தான் உட்கார்ந்து பார்த்திருப்பார். மட்டைகளுக்கு மேலே வெறும் சாம்பல் நிற வானம். கொட்டு நின்றது. தீ வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். புகை வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். வரவில்லை. மழை சற்று வலுத்தது. தீ பிடிக்கவில்லை, மறுபடியும் பிடிக்கவில்லை, அந்தப் பிள்ளையை நான்தான் இழுத்துப்போய் மறுபடியும் அதே இடத்தில் நிறுத்திவிட்டேன் என்று தோன்றியது. நிற்க முடியாமல் வீட்டுக்குள் வந்தேன்.

சமையல்கட்டில் நுழைந்து திகைத்துப்போனேன். விறகு போனபின் அது ஒரு பெரிய அறையாக இருந்தது. கட்டைகள் நின்ற இடமெல்லாம் சுவர் வெளுப்பாக, அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. தரையில் வெள்ளை மாவு. காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். ஒரு சத்தம் இல்லை. எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது.

பின்வாசல் படியில் ஒரு ஆள் நின்றார். உச்சி முதல் கால் வரை ஈரம். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் ஓர் அடி உள்ளே வைத்த பிறகுதான் மகன் என்று தெரிந்தது. தலையை மழித்திருந்ததால் அடையாளம் தெரியவில்லை. சுடுகாட்டிலிருந்து வந்து, தொட்டித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, உடம்பு துடைக்காமல் நின்றார்.

"புகையே வரல ஆன்ட்டி" என்றார். "வெச்ச ஒடனே நின்னு எரிஞ்சுச்சு. கிட்ட நிக்க முடியல, அவ்ளோ சூடு. எல்லாம் தள்ளித் தள்ளிப் போனாங்க."

நான் தலையை ஆட்டினேன்.

"அதே எடம்தான். அப்பாவ வெச்ச அதே எடம்." குரல் இன்னும் சின்னதாகிவிட்டது. "அப்பாவும் காஞ்சிருப்பாருல்ல ஆன்ட்டி?"

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. "காஞ்சிருப்பாருப்பா" என்று சொல்லி, அக்காவின் கொடியிலிருந்து ஒரு காய்ந்த துண்டை உருவி அவரிடம் கொடுத்தேன்.